திருப்பிக் கேட்டபோது

மரக்காணம்
12.11.2005

அன்புள்ள தம்பி ஜான்சனுக்கு,

அக்கா சாலம்மாள் எழுதுவது. போன செவ்வாய்க்கிழமை ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்டே சம்பளம் வாங்கி, பென்ஷனும் வாங்குகிறவள் நான். அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் நின்றேன்.

கேட்டவர் ரேணுகா என்கிற பெண் அதிகாரி. ஆள் கடத்தல் வழக்குகளைச் சென்னையிலிருந்து விசாரிக்கிறாராம். நம் சந்தியாவைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். மலேசியாவில் இறால் உரிக்கிற ஒரு கொட்டகைக்குள் போலீஸ் நுழைந்து ஒன்பது பெண்களைப் பிடித்திருக்கிறது. ஒருத்தி கையிலும் பாஸ்போர்ட் இல்லை. உங்களைத் தெரிந்தவர் யார் என்று கேட்டதற்கு ஒருத்தி, 'சாலம்மா டீச்சர், மரக்காணம்' என்று சொல்லியிருக்கிறாள். அவள் பொன்னி. நம் தெருக்கோடியில் இருக்கிற கலியன் மனைவி, உப்பளத்தில் உப்பு வாருகிற பொன்னி.

அதிகாரி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "டீச்சர், அந்தம்மாகிட்ட பாஸ்போர்ட்ட யாராவது புடுங்கினாங்களான்னு அந்த ஊரு ஆபீசர் கேட்டிருக்காரு. இல்லீங்க, நானேதான் குடுத்தேன்னு சொல்லியிருக்கு. வேலைக்கு இஷ்டப்பட்டு வந்தியான்னா, ஆமாங்கன்னு சொல்லியிருக்கு. எல்லாத்தையும் அவங்களே பண்ணியிருந்தா, இது கடத்தல்னு நான் எப்படிங்க சொல்றது?"

கேள்வியில் தப்பில்லை. ஆனால் இப்படியே போனால், காகிதம் இல்லாமல் தாய்லாந்து எல்லை தாண்டி வந்தவள் என்று பொன்னிக்கு அங்கேயே சிறை. கடத்தப்பட்டவள் என்று தெரிந்தால் விடுதியில் வைத்துப் பார்த்து ஊருக்கு அனுப்புவார்கள். ஜனவரி கடைசியில் விசாரணை.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிற உன் ஆபீஸ் மூலம் அவளை அனுப்பியது நீ. ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்குகிற வேலை என்று என் எதிரில்தான் சொன்னாய். போன் செய்தால் வைத்துவிடுகிறாய். வீட்டுக்கு வந்தால் ஐயா இல்லை என்கிறார்கள். உன் செருப்பு வாசலில் இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம். நீயே ரேணுகாவிடம் போய் நடந்ததைச் சொல்லிவிடு. கூட வரவேண்டும் என்றால் நானும் வருகிறேன்.

சுகர் மாத்திரையை விடாதே.

உன் அன்பு அக்கா,
சாலம்மாள்


புதுச்சேரி
20.11.2005

அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்துகிற மாதிரியே எழுதுகிறாய். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. முட்டி போடச் சொல்லாதே.

சுனாமி வந்தபோது உன் ஊரில் என்ன இருந்தது? பாத்தியெல்லாம் சேறு. அந்த வருஷம் ஒரு மூட்டை உப்பு எடுக்கவில்லை. எல்லாரும் வேனில் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். நான்தான் அரிசி இறக்கினேன். உன் வீட்டுக்குக் கூரை போட்டதும் நான்தான். அந்தக் கூரைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு போலீஸ்காரிக்குக் காபி போட்டுக் கொடுக்கிறாய்.

நான் யார் கையையும் பிடித்து இழுக்கவில்லை. 'அண்ணே, எனக்கும் ஒரு வேலை பாருங்க' என்று என் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்கள். பாஸ்போர்ட்டைக் கொடுத்ததும் அவர்களாகத்தான். உப்பு வேலை இல்லாத மழைக்காலத்தில் முன்பணம் வாங்குகிறவன் ரேஷன் கார்டை உப்பள முதலாளியிடம் விட்டுவைப்பது உங்கள் ஊரில் காலம்காலமாக இருக்கிற வழக்கம்தானே? அதற்கு எந்தப் போலீஸ் வந்தது?

பயம் காட்டுகிறாய், எனக்குப் பயமில்லை. கீழ்புத்துப்பட்டு செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டுப் போலீஸ், இந்தப் பக்கம் புதுச்சேரிப் போலீஸ். இவனைக் கேட்டால் அவனைக் கை காட்டுவான். இதில் தாய்லாந்து, மலேசியா வேறு. ஒருவன் பேசுவது மற்றவனுக்குப் புரியாது. இவர்கள் எல்லாம் சேர்ந்து உட்கார்ந்து ஒரு டீ குடிப்பதற்குள் எனக்குப் பேரன் பிறந்துவிடுவான்.

சந்தியாவுக்கு மாப்பிள்ளை அமைந்திருக்கிறது. பிப்ரவரியில் கல்யாணம். அந்த உப்பளத்துக்காரிக்காக என் பெண்ணின் வாழ்க்கையில் மண் அள்ளிப் போடாதே.

ஜான்சன்


மரக்காணம்
2.12.2005

அன்புள்ள தம்பிக்கு,

சந்தியாவுக்கு வரன் அமைந்தது கேட்டு மகிழ்ச்சி. அவளுக்காக ஞாயிறு பூசையில் வேண்டிக்கொண்டேன்.

கூரை போட்டுக் கொடுத்தாய், உண்மை. மழை பெய்கிற ஒவ்வொரு நாளும் உன்னை நினைக்கிறேன். அரிசி இறக்கினாய், அதுவும் உண்மை. அந்த அரிசியைச் சாப்பிட்டதால்தான் உன்னை நம்பினார்கள். மீனுக்கு முதலில் இரையைப் போடுவதில்லையா? இரையும் நல்ல சாப்பாடுதான், முள் உள்ளே இல்லாதவரை.

ரேஷன் கார்டைப் பற்றி எழுதியிருக்கிறாய். அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் யோசித்தேன். ஏதோ ஒன்று தப்பாக இருக்கிறது, எது என்று இன்னும் பிடிபடவில்லை. பிடிபட்டதும் எழுதுகிறேன்.

இப்போதைக்குப் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். ஜூன் மாதம் பொன்னி கிளம்பிய அன்று கிழக்குக் கடற்கரைச் சாலை பஸ் நிறுத்தத்துக்கு நான் புளிச்சோறு கட்டிக்கொண்டு வந்தேன். பொன்னி முந்தானை முடிச்சிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து உன்னிடம் நீட்டினாள். "பத்திரமா வச்சுக்குங்கண்ணே, நான் எங்கனா தொலச்சுடுவேன்" என்று சிரித்தாள். நீ வாங்கி மஞ்சள் பையில் போட்டாய். பாங்காக் வரை கூடவே போய், அங்கே உன் கூட்டாளியிடம் பையையும் அவளையும் ஒப்படைத்துவிட்டுத் திரும்பினாய். அவன் வேறு பெண்களோடு சேர்த்து அவளையும் வேனில் ஏற்றி, ரப்பர் தோட்டத்து வழியாக எல்லையைத் தாண்ட வைத்தான். வேன் ஓட்டியவனைத் தாய்லாந்து போலீஸ் பிடித்து, அவன் சொன்னதை மலேசியாவுக்கும் சென்னைக்கும் அனுப்பியிருக்கிறது. டீ குடிக்காமலேயே பேசிக்கொள்கிறார்கள் போலிருக்கிறது.

புதுச்சேரியிலிருந்து இடுப்பில் ஒரு பிராந்தி பாட்டிலைச் செருகிக்கொண்டு வருகிறவனைச் செக்போஸ்ட்டில் பஸ்ஸை விட்டு இறக்குகிறார்கள். போட்டோ எடுக்க உன் ஆபீசுக்குப் போய்த் திரும்பிய பொன்னியை ஒருவரும் இறக்கி, 'எங்கம்மா போறீங்க' என்று கேட்கவில்லை. நீ எல்லையை உன்னைக் காப்பாற்றுகிற மதில் என்று நினைத்துக்கொண்டது அதனால்தான்.

அந்தப் பாஸ்போர்ட்டுகள் எங்கே இருக்கின்றன என்று மட்டுமாவது சொல்.

உன் அன்பு அக்கா,
சாலம்மாள்


புதுச்சேரி
14.12.2005

அக்காவுக்கு,

மீன், இரை, முள். நீ ரிடையர் ஆனது ஊருக்கு நல்லது. பிள்ளைகள் தப்பித்தார்கள்.

ஒன்று தெரிந்துகொள். பஸ் நிறுத்தத்தில் நீ பார்த்ததை நீ மட்டும்தான் பார்த்தாய். நீ வாயைத் திறக்காவிட்டால் ஒன்றுமில்லை. திறந்தால் கூடப் பிறந்தவனையே காட்டிக் கொடுத்தவள் என்று ஊர் உன்னைக் காறித் துப்பும். கோயிலில் உன் பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள்.

ஊர் உன் பக்கம் என்று நினைக்காதே. அவள் புருஷனைப் போய்ப் பார்த்தேன். 'உன் பொண்டாட்டி இன்னேரம் ஊருக்கு வந்திருப்பா, டீச்சரு போலீசுக்குப் போனதாலதான் புடிச்சு உள்ள வச்சுட்டாங்க' என்று சொல்லிவிட்டு வந்தேன். அவனுக்கு ஒரு எடுத்துக்காட்டு சொல்லிப் புரியவை பார்க்கலாம்.

சந்தியா கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகிறது. உன் பேர் போடுவதா வேண்டாமா என்பதை நீயே முடிவு செய். போலீசில் எழுதிக் கொடுத்தால் என் பெண் கல்யாணத்துக்கு வராதே. நான் செத்தாலும் வராதே.

ஜான்சன்


மரக்காணம்
26.12.2005

அன்புள்ள தம்பிக்கு,

இன்று கடல் வந்து ஒரு வருஷம். காலையில் பூசை முடிந்து கரையில் மெழுகுவத்தி ஏற்றினோம். காற்றில் ஒன்றும் நிற்கவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து போகவில்லை, நீ கவலைப்படாதே.

கலியன் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் வந்தான். நீ ஏற்றிவிட்டதை முழுக்க என் வாசலில் கொட்டினான். தெருவே வந்து நின்றது.

"ஏன் டீச்சரம்மா, நாங்க உங்களுக்கு இன்னா பண்ணோம்? எம் பொண்டாட்டிய ஜெயில்ல வச்சு அழகு பாக்குறியா? உனுக்குப் புள்ள குட்டி இல்ல, எங்க வலி உனுக்கு எப்படித் தெரியும்?"

பேசி முடிக்கட்டும் என்று விட்டேன். உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தேன். அவன் குடிக்கவில்லை.

"கலியா, உன் ரேஷன் கார்டு எங்க இருக்கு?"

"அது எதுக்கு இப்போ? தேசப்பன் மொதலாளிகிட்ட இருக்கு. முன்பணம் வாங்கிக்கிறனே."

"அவரு புடுங்கிக்கிட்டாரா?"

"அவரு ஏன் புடுங்குறாரு? நாந்தான் குடுத்தேன். இன்னா டீச்சரம்மா கேள்வி இது?"

"இந்த மாசம் அரிசி வாங்கினியே, கார்டு இல்லாம எப்படி வாங்கின?"

"போயி கேட்டேன், குடுத்தாரு. அரிசி வாங்கினு திருப்பிக் குடுத்துட்டேன்."

"குடுக்க மாட்டேன்னு சொல்லியிருந்தா?"

"வுட்ருவனா? அவரு வூட்டு கேட்டாண்ட நின்னு கத்த மாட்டேன்? நாலு பேரு கேக்க மாட்டாங்க?"

"பொன்னி எந்த கேட்டாண்ட நின்னு கத்துவா, கலியா?"

அவன் தண்ணீர்ச் செம்பை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். வாசலில் நின்றவர்களில் ஒருத்தி, "அடப் பாவமே, அவளுக்கு அந்த ஊரு பாஷை கூட தெரியாதே" என்றாள். அதற்குப் பிறகு என்னை யாரும் திட்டவில்லை.

போன கடிதத்தில் எனக்குப் பிடிபடாமல் இருந்தது அப்போது பிடிபட்டது. நம் ஊர் வழக்கத்தை நீ கடல் தாண்டிக் கொண்டுபோனாய். முதலாளி வீட்டுக் கேட்டை, அங்கே நின்று கத்துகிற உரிமையை, கத்தினால் எட்டிப் பார்க்கிற தெருவை இங்கேயே விட்டுவிட்டாய். பாஸ்போர்ட்டைக் கொடுக்கும்போது பொன்னிக்குக் கேட்டு வாங்குகிற ரேஷன் கார்டுதான் மனதில் இருந்தது. அதனால்தான் 'நானே கொடுத்தேன்' என்று அந்த ஊர் அதிகாரியிடமும் கூசாமல் சொன்னாள். அவள் பொய் சொல்லவில்லை. கேள்விதான் பாதியில் நின்றுவிட்டது.

வகுப்பில் ஒருவன் பென்சிலுக்காக அழுவான். அவன் பிடுங்கினானா என்று கேட்டால், இல்லை டீச்சர், நான்தான் கொடுத்தேன் என்பான். பிறகு ஏன் அழுகிறாய் என்று கேட்டால்தான், திருப்பித் தரமாட்டேங்கிறான் டீச்சர் என்பான். எத்தனை தடவை தீர்த்து வைத்த வழக்கு இது!

ரேணுகாவுக்குப் போன் செய்தேன். 'யார் எடுத்தார்கள் என்று கேட்காதீர்கள் அம்மா, திருப்பிக் கேட்டாயா, கேட்டபோது என்ன நடந்தது என்று கேளுங்கள்' என்றேன். "இத நாங்க கேக்கவே இல்லீங்களே டீச்சர்" என்றார். மலேசியாவுக்கு அன்றைக்கே எழுதிவிட்டாராம்.

பஸ் நிறுத்தத்தில் பார்த்ததை நான் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். நம் தூதரகம் வழியாக அங்கே போகுமாம். ஜனவரி பத்தொன்பதாம் தேதி, வியாழக்கிழமை, கையெழுத்துப் போட வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு முன்னால் நீயே போய்விட்டால் என் கையெழுத்தைவிட உன் வார்த்தைக்கு மதிப்பு அதிகம். உனக்கும் அது நல்லது. வா தம்பி.

உன் அன்பு அக்கா,
சாலம்மாள்


புதுச்சேரி
14.1.2006

அக்கா,

ஒன்பது பேரையும் மறுபடி கூப்பிட்டு ஒரே கேள்வியைக் கேட்கிறார்களாம். திருப்பிக் கேட்டாயா, கேட்டபோது என்ன நடந்தது. என் கூட்டாளி போனில் சொன்னான். அது யார் சொல்லிக் கொடுத்த கேள்வி என்று எனக்குத் தெரியாதா? நீயெல்லாம் ஒரு அக்காவா? அம்மா சாகும்போது என்னை உன் கையில்தான் பிடித்துக் கொடுத்தாள். இப்படிப் பார்த்துக்கொள்ளத்தானா?

சரி. சண்டை வேண்டாம். நேராகவே பேசுகிறேன். உனக்கு அவள் திரும்பி வரவேண்டும், அவ்வளவுதானே? வருவாள். கூட்டாளிக்கு நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். தொலைந்த பாஸ்போர்ட் கிடைத்துவிட்டது என்று கொண்டுபோய்க் கொடுத்துவிடுவான். அங்கே ஆள் இருக்கிறது, முடித்துவிடுவான். ஒரே வாரத்தில் அவள் மரக்காணத்தில் இருப்பாள். புருஷனிடம் நீயே கேட்டுப் பார், வேண்டாம் என்பானா?

நீ செய்யவேண்டியது ஒன்றுதான். வியாழக்கிழமை கையெழுத்துப் போடாதே. உடம்பு சரியில்லை என்று சொல், வயசாகிவிட்டது ஞாபகம் இல்லை என்று சொல், யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். மீதி எட்டுப் பேர் யாரோ எவரோ. அவர்கள் எந்த ஊர் என்று கூட உனக்குத் தெரியாது.

கையெழுத்துப் போட்டால் அவள் எப்போது வருவாள், வருவாளா என்பதற்கு நான் பொறுப்பில்லை. நன்றாக யோசி.

ஜான்சன்


மரக்காணம்
3.2.2006

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் ஜனவரி பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை வந்தது. கையெழுத்துப் போடாவிட்டால் பொன்னி ஒரு வாரத்தில் வருவாள். போட்டால் எப்போது என்று தெரியாது. மீதி எட்டுப் பேரின் முகம் எனக்குத் தெரியாது, நீ சொன்னது சரி. ஆனால் ஒரு வாரத்தில் பொன்னி வந்து தெருவில் நடப்பதை என்னால் கண்ணுக்கு முன்னால் பார்க்க முடிந்தது. நான் மட்டும் தனியாக முடிவு செய்கிற விஷயம் இல்லை என்று தோன்றியது. கலியன் வீட்டுக்குப் போனேன். உன் கடிதத்தில் நீ பேசிய பேரத்தை மட்டும் படித்துக் காட்டினேன். திட்டியதைப் படிக்கவில்லை.

சரி என்பான் என்றுதான் எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கு இன்னும் தெரியாது. அவன் மகள் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். தேய்த்து முடித்துவிட்டுத்தான் பேசினான்.

"டீச்சரம்மா, அவரு ஒரு வார்த்த சொன்னா பொன்னி வந்துடுவாளா?"

"அப்படித்தான் எழுதியிருக்கான்."

"அப்போ இத்தினி மாசமா அந்த ஒரு வார்த்தய ஏன் சொல்லல?"

உன்னைத் தூக்கி வளர்த்தவள் என்ற முறையில் அவன் முகத்தைப் பார்க்கக் கூசியது. அவனே சொன்னான். "பூட்டுனவன் சாவிய ஆட்டிக் காட்றான். நீங்க போயி கையெழுத்துப் போடுங்க. லேட்டா வந்தாலும் அவ தலை நிமிந்து வரட்டும். இவரு தயவுல வந்தான்னா நாளைக்கு எம் பொண்ணையும் கேப்பாரு."

வியாழக்கிழமை கையெழுத்துப் போட்டேன். பஸ் நிறுத்தத்தில் பார்த்ததைப் பார்த்தபடியே எழுதினேன். ரேஷன் கார்டு வழக்கத்தையும் தனியாக ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன்.

மலேசியாவில் அந்தக் கேள்விக்கு வந்த பதிலை ரேணுகா எனக்குப் படித்துக் காட்டினார். பொன்னி முதல் தடவை கேட்டபோது கொட்டகைக்காரர்கள் சிரித்தார்களாம். மறுபடி கேட்டபோது சாப்பாட்டை நிறுத்தினார்களாம். அதற்கு மேலும் கேட்டதற்கு, இறால் வைக்கிற ஐஸ் அறையில் தள்ளிப் பூட்டினார்களாம். வெளியே வந்த பிறகு அவள் கேட்கவில்லை. மற்ற எட்டுப் பேரையும் தனித்தனியாகக் கேட்டிருக்கிறார்கள். பாஷை வேறு வேறு, பதில் அதேதான். ஒன்பது பேரையும் கடத்தப்பட்டவர்கள் என்று ஏற்றுக்கொண்டு விடுதிக்கு மாற்றிவிட்டார்கள். உன் கூட்டாளியைப் பிடித்துவிட்டார்கள். பாஸ்போர்ட்டுகள் அவன் வீட்டில் இருந்தன. பொன்னி அடுத்த மாதம் வருகிறாள். கலியனோடு போனில் பேசினாள். பேசினாள் என்று சொல்வதைவிட இருவரும் அழுதார்கள் என்று சொல்லலாம்.

சந்தியா கல்யாணப் பத்திரிகையை வேறு ஒருவர் கொண்டுவந்து காட்டினார். என் பேர் இல்லை. நீ சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாய், நானும் வரமாட்டேன். அவளுக்கு என்று எடுத்து வைத்திருந்த பட்டுப்புடவையை உன் மனைவி மேரி பேருக்குப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். யார் எடுத்தது என்று சொல்லவேண்டாம். இனி நானாக உனக்கு எழுதவும் மாட்டேன். எழுதினால் மறுபடி உன்னைக் கெஞ்சுவேன், அதற்கு எனக்குத் தெம்பில்லை.

கல்யாணம் முடிகிற வரை பொறுக்கும்படி ரேணுகாவிடம் கேட்டுப் பார்த்தேன். என்னால் முடியாது டீச்சர் என்றார். அவரிடம் தப்பு இல்லை. புதுச்சேரிப் போலீசும் சேர்ந்தே வருகிறார்களாம். திங்கட்கிழமை உன்னை அழைத்துப் போவார்கள். முன்கூட்டிச் சொல்கிறாளே என்று ஓடிப்போக நினைக்காதே. உன் பாஸ்போர்ட்டை முடக்கியாகிவிட்டது. உனக்குச் சொல்லப்போகிறேன் என்று அவரிடமும் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். மாத்திரை, ஒரு சட்டை, கண்ணாடி எல்லாம் ஒரு பையில் தயாராக வை.

அங்கே முதலில் உன் எதிரில் ஒரு போட்டோவை வைத்து, 'இது யார்' என்று கேட்பார்கள். உன் கடிதங்களை எல்லாம் எடுத்து மறுபடி படித்தேன். அந்த உப்பளத்துக்காரி என்று எழுதியிருக்கிறாய். அவள் என்று எழுதியிருக்கிறாய். அவள் பேர் ஒரு இடத்தில் கூட இல்லை. பேரைச் சொன்னால் அவள் மனுஷி ஆகிவிடுவாள் என்று உனக்கே தெரிந்திருக்கிறது.

இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, 'பொன்னி' என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்.

அக்கா